இடது சக்கரத்து வாசனை

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் கடைகள் இருக்கிற தெருவுக்குள் காரைத் திருப்பி, முனையில் பிரேக்கை மிதித்தேன். அரிவாளைக் கருங்கல்லில் வைத்து ஆத்திரத்தோடு இழுத்த மாதிரி ஒரு சத்தம். சாமந்திச் சரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்த அம்மா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா அது, கார அறுக்குறது?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வேறு யாரோ செய்த காரியம் போலப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அந்தச் சத்தம் திடீரென்று வந்து சேர்ந்ததல்ல. முதலில் குருவிக் குஞ்சு மாதிரி ‘கீச்’ என்றுதான் தொடங்கியது. நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். கீச் வளர்ந்தது; வானொலியை இன்னும் கூட்டினேன். பல்வலிக்குப் பாட்டுக் கேட்கிற ரகம் நான். ஒருநாள் என் மகன் கூட வந்துவிட்டு, "ம்மா, இந்தக் காரு உங்கள நேரா திட்டுது. நீங்க என்னமோ பாட்டுக்குத் தாளம் போடுறீங்க" என்றான். பிள்ளைகள் சொல்வதில் பாதி நமக்குப் பிடிக்காது, மீதி உண்மையாக இருக்கும்.

இனிமேல் முடியாது என்று அந்தச் சந்துக்குள்ளேயே இருந்த டயர் கடையில் வண்டியை விட்டேன். முழங்கையில் வேல் பச்சை குத்திய தம்பி ஒருவர் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டார்.

"ஆன்டி, வந்து பாருங்க. இத பேட்டுன்னு சொல்லாதீங்க. பேட்டு எப்பவோ செத்துப்போச்சு. இது எலும்பு."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சக்கரத்துக்குள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட இரும்பு இருக்கிறது. டிஸ்க் என்பார்கள், ரோட்டர் என்பார்கள். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் உள்ள பேட்கள் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். பேட்டில் சதை இருக்கும்வரை கவ்வும். சதை தேய்ந்துவிட்டால் கடிக்கும். என் காரின் டிஸ்க்கைக் கடித்துக் குதறியிருந்தது. பூனை பிராண்டிய சோபாவைப் போல வரிவரியாகப் பள்ளம். துருவில் ஒட்டிக்கொண்டு கழன்று வரவும் மறுத்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்டி" என்று தம்பி பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். தெருவே அதிர்ந்தது. அடுத்த அடி விழும்போது என் கை தானாகப் போய் என் தாடையைத் தொட்டது. அங்கே எனக்கு ஒரு தையல் தழும்பு உண்டு. கருகிய பேட்டின் வாசனை மூக்கில் ஏறியது. அதோடு சேர்ந்து, சத்தியமாகச் சொல்கிறேன், நல்லெண்ணெய் வாசனையும் வந்தது.

கேட்டே விட்டேன். "தம்பி, இங்க நல்லெண்ணெய் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"நாங்க இங்க தோச சுடல ஆன்டி" என்றார் அவர்.

அவர் தோசை என்று சொன்னதும் எனக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் காப்பாரில் இருந்தேன். போர்ட் கிள்ளான் பக்கத்தில், மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெளிர்நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் நாங்கள் ஒரு வேன் நிறைய. விடியும்போது தாமான் என்கிற குடியிருப்புகள் ஒவ்வொன்றாக வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும் அந்த வேன். ஓட்டுநரும் சொந்தக்காரரும் தங்கராஜு. அவருடைய மனைவி லெட்சுமி அக்கா கதவோரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை இழுத்துத் திறந்து, "ஏறும்மா, பாத்து ஏறும்மா" என்பார். அந்தக் கதவு ஒட்டடையடிக்கும் கம்பு மாதிரி இருந்த அவரைவிடக் கனம். இருந்தாலும் எங்களில் யாரையும் தொட விடமாட்டார். கதவு பலமாகச் சாத்தினால் தங்கராஜுவுக்குக் கோபம் வரும். எவ்வளவு மெதுவாகச் சாத்தினால் வராது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

கோபம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். "அவனுக்கு நாக்குக்கு முன்னாடி கை பேசும்" என்பார் என் அப்பா. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு ஸ்டேரிங் லாக் கிடக்கும். திருடனிடமிருந்து காரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட இரும்புத் தடி அது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் அது காத்த கார்களைவிட உடைத்த மண்டைகள் அதிகம். ஒருநாள் கிள்ளான் போகும் வழியில் ஒரு லோரிக்காரர் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார். இரண்டு முறைதான். தங்கராஜு நடுச்சாலையில் வேனை நிறுத்தி, தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதலில் லோரியின் கண்ணாடி உடையும் சத்தம். பிறகு கண்ணாடி இல்லாத எதுவோ உடையும் சத்தம். லோரிக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். தங்கராஜு திரும்பி வந்து, தடியைச் சட்டையால் துடைத்துக் காலடியில் வைத்து, பாட்டுப் போட்டார். காதல் பாட்டு. வண்டி கிளம்பியது. லெட்சுமி அக்கா கதவுப் பிடியைப் பற்றியபடி, "முருகா முருகா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கியபிறகு அஞ்சலை அக்காதான் வாயைத் திறந்தார். அஞ்சலை அக்கா எங்கள் வரிசைக்குத் தலைவி. ஆள் அகலம், குரல் அதைவிட அகலம். நான்கடுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று அவர் கையில் எப்போதும் ஆடும். அவருக்கு இரண்டு அடுக்கு, பசியோடு வரும் யாருக்காவது இரண்டு அடுக்கு. "இந்த ஆளு வேனுக்கு பிரேக் இருக்கோ என்னமோ, இந்த ஆளுக்கு இல்லடி" என்றார்.

லெட்சுமி அக்கா கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். கேட்டால், "கை கருத்துரும்லா" என்பார். கருத்த இடங்கள் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் அவர் கழுத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. அஞ்சலை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருக்க, லெட்சுமி அக்கா சிரித்து, "அடிக்கிற கைதான்கா அணைக்கும்" என்றார். பழமொழி சொன்னால் பேச்சு முடிந்தது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அஞ்சலை அக்கா விடவில்லை. "அணைக்கிற கை வேற கையா இருந்தா நல்லாருக்கும்ல?" என்றார். இந்தப் பதிலை நான் பிற்பாடு எத்தனையோ கல்யாண வீடுகளில், என் சொந்தப் பேச்சுப் போலச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அஞ்சலை அக்கா மன்னிக்கட்டும்.

எங்கே விட்டேன்? பிரேக். அந்த வருஷம் ஆயுத பூசைக்குச் சில நாள் முன்னால் வேன் இப்படித்தான் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் ஒரு பன்றியை அறுக்கிற சத்தம். பக்கத்தில் நிற்கும் மோட்டார்சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள், தங்கராஜு முறைத்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில், எங்களையும் உட்காரவைத்துக்கொண்டே குணாவின் பட்டறைக்குள் வேனை விட்டார்.

குணா எங்கள் ஊர் பொமென். கார் ரிப்பேர் பண்ணுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. வாய் மட்டும் முதல் தரம். சக்கரத்தைக் கழற்றிய குணா, இடது பக்கத்து டிஸ்க்கை எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அதிலும் இதே மாதிரி வரிவரியாகப் பள்ளம், ஓரத்தில் கத்தி போலக் கூர்.

"அண்ணே, ஊர்ல எல்லாரையும் அடிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். டிஸ்க்கையுமா?"

வேனுக்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. நாங்கள் வேண்டுமென்று சிரிக்கவில்லை. நாளெல்லாம் கம்பி சுற்றிய களைப்பில் தும்மல் மாதிரி வந்துவிட்டது. லெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. தங்கராஜு கண்ணாடி வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குணாவிடம், "வேலைய பாரு. வாய் வேல செய்யாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

குணா இடது பக்கத்துக்குப் புது டிஸ்க் போட்டார். வலது பக்கத்தைச் சீவிச் சரிசெய்தார். இரண்டு பக்கமும் புதுப் பேட். பழைய டிஸ்க்கைச் சுவரோரம் உருட்டிவிட்டார். "ரெண்டு மூணு நாளைக்கு மெதுவா ஓட்டுங்கண்ணே. புது பேட்டும் டிஸ்க்கும் புது மாப்ள பொண்ணு மாதிரி. பழகிக்கட்டும்" என்றார். தங்கராஜு வண்டியை எடுத்தார். புது டிஸ்க் ஸ்போர்ட் ரிம் என்கிற ஒய்யாரச் சக்கரத்தின் பெரிய இடைவெளிகளுக்குள் வெள்ளித் தாம்பாளம் போல மின்னியது. அந்த ரிம் தங்கராஜுவின் பெருமை. கை நுழையும் இடைவெளி அதில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆயுத பூசை. நம் ஆட்கள் அன்றைக்கு இரும்பாக உள்ள எதையும் சும்மா விடமாட்டார்கள். தையல் இயந்திரம், அரிவாள், மண்வெட்டி, மோட்டார்சைக்கிள், கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் தம்பி தன் கணக்குக் கருவிக்குப் பொட்டு வைத்து, அந்த வருஷமும் கணக்கில் தோற்றான். அதற்கும் மறுநாள் விடியற்காலையில் எங்கள் தாமான் முனையில் வந்து நின்றது வேன். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனம். கழுவித் துடைத்துப் புது மணப்பெண்ணாட்டம் நின்றது. "அழகா இருக்குக்கா" என்று நான் லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். "நேத்து பூரா இதே வேலதாம்மா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் தங்கராஜு வைய ஆரம்பித்தார். பிரேக் மிதித்தால் வண்டி வலது பக்கமாக இழுத்தது. "என்னத்த போட்டான் அந்த நாயி" என்று மிதித்தார். இழுத்தது. இன்னும் பலமாக மிதித்தார். "மெதுவா போங்களேன்" என்று லெட்சுமி அக்கா சொல்ல, கண்ணாடியில் ஒரு பார்வை வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டார். காற்றில் ஒரு வாசனை. எண்ணெய் காய்ந்து புகைகிற வாசனை.

"யாருடி புளிசாதம் கட்டிக்கிட்டு வந்தது?" என்றார் அஞ்சலை அக்கா.

"நான் இல்லக்கா, எனக்கு மீஹூன்."

"பொய் சொல்லாத. நல்லெண்ணெய் கமகமக்குது. மத்தியானம் எனக்கு ஒரு வாய் தரணும், ஆமா."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பெரிய சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் கொள்கலன் லோரி ஒன்று திடீரென்று நின்றது. தங்கராஜு எழுந்து நின்ற மாதிரி பிரேக்கை மிதித்தார். வேன் நிற்கவில்லை. யாரோ கழுத்தைப் பிடித்துத் திருகியது போல வலது பக்கம் திரும்பி, நடுத்தடுப்பில் மோதி, ஏறி, சாய்ந்து, மறுபடி நான்கு சக்கரத்தில் தொப்பென்று விழுந்தது. என் தாடை முன்னிருக்கைக் கம்பியில் போய் அடித்தது. பல் கடகடவென்றது. வாய்க்குள் உப்பு. பக்கத்திலிருந்த புஷ்பாவின் கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கியிருந்தது. அவள் அலறவில்லை, அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாலையில் ஒரு பேருந்து எங்களை உரசிக்கொண்டு போனது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

புஷ்பாவை ஒரு கார்க்காரர் மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனார். வேனை இழுக்க உடனே வந்து நின்ற லோரிக்காரரிடம் தங்கராஜு ஒரே ஒரு பெயர்தான் சொன்னார். குணாவின் பட்டறை. கிட்டத்தில்தான் இருந்தது. நாங்களும் இரத்தமும் கோட்டுமாகப் பின்னால் நடந்தோம். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. நான் துண்டால் தாடையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

குணா அப்போதுதான் கதவைத் தூக்கிவிட்டு, தேநீரை வைத்துக்கொண்டு நின்றார். வேனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தேநீர் கீழே விழுந்தது. "அண்ணே, என்னாச்சு?" என்று அவர் முடிப்பதற்குள் ஸ்டேரிங் லாக் அவருடைய தோளில் இறங்கியது. மண்டி போட்டார். முதுகில் அடுத்தது.

"அன்னைக்கு சிரிச்சல்ல? பொம்பளைங்கள வெச்சு என்னய சிரிச்சல்ல? வேணும்னே செஞ்சிருக்கடா!"

"சத்தியமா இல்லண்ணே..."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தடுப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் இரத்தத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் குணாவின் தோளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "பொம்பள புள்ளைங்க உசுரோட விளாண்டிருக்கான், போடுங்கண்ணே" என்றது ஒரு குரல். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்த நேரத்தில் குணாவை நாலு போட வேண்டும் என்றுதான் இருந்தது. தாடை கிழிந்தவளுக்கு நியாயம் தெரியாது.

"கழட்டுடா. உன் வேலைய நீயே பாரு" என்றார் தங்கராஜு. குணா இடது சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே புது டிஸ்க், போட்டு இரண்டு நாள்கூட ஆகாமல் கறுப்பும் நீலமுமாகத் தீய்ந்திருந்தது. தங்கராஜு குணாவின் தலைமுடியைப் பிடித்து, முகத்தை அதன்மேல் வைத்து அழுத்தினார். அது இன்னும் ஆறியிருக்கவில்லை. குணா போட்ட சத்தத்துக்கு முன்னால் என் காரின் சத்தமெல்லாம் ஒன்றுமில்லை. கன்னத்தை எடுத்தபோது தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. ஆனால் அவர் மூக்கை உறிஞ்சினார். ஒருமுறை. இன்னொருமுறை.

"அண்ணே... நல்லெண்ணெய் வாசம் வருதுண்ணே."

யாரோ சிரித்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. "இன்னும் உனக்கு வாய் அடங்கலியா?" என்று தங்கராஜு அவரைத் தரையோடு இழுத்துப் போய், சுவரோரம் கிடந்த அந்தப் பழைய டிஸ்க்கைக் காலால் நகர்த்தினார். "புடிங்கடா இவன் கைய. இதுமேல வை. எந்தக் கையில பேட்டு போட்ட? இந்தக் கைதான? இனிமே இந்தக் கை ஸ்பானர் புடிக்கக்கூடாது."

வரிவரியாகப் பள்ளம் விழுந்த அந்த இரும்பின்மேல் குணாவின் வலது கை விரிந்து கிடந்தது. தடி இறங்கியது. குணா கையை இழுத்தார். முழுதாக இழுக்க முடியவில்லை. இரும்பில் இரும்பு மோதிய ‘டங்’ என்ற ஓசைக்குள் சுண்டுவிரல் நசுங்கிய சத்தம் ஒளிந்துகொண்டது. தங்கராஜு மறுபடி ஓங்கினார்.

"நான்தான் தடவுனேன்."

அவ்வளவு மெதுவான குரல். கதவைச் சாத்துகிற மாதிரி. லெட்சுமி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். நெற்றியில் வீங்கியிருந்தது.

"அவர விட்ருங்க. நல்லெண்ணெய் நான்தான் தடவுனேன். பூசைக்கு வண்டிய கழுவுனேனா, கொஞ்ச நேரத்துல அந்தப் புதுத் தட்டு பூரா செவப்பா துரு பூத்துருச்சு. போட்டு ஒரு நாளுகூட ஆகல. நீங்க பாத்தீங்கன்னா துருப் புடிச்சத போட்டு ஏமாத்திட்டான்னு இவர அடிக்க வருவீங்க. பூசை நாளும் அதுவுமா எதுக்குன்னு... தோசக்கல்லுக்கு தடவுற மாதிரி, ரிம்முக்குள்ள கைய விட்டு தட்டுக்கு முன்னும் பின்னும் தேச்சு வுட்டேன். வலது பக்கச் சக்கரம் வேலியோட ஒட்டி நின்னுச்சு, கை போகல. அதான் ஒரு பக்கமா இழுத்துருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. இரத்தம் போனதாலா இதனாலா தெரியவில்லை. இரும்பு துருப்பிடித்தால் எண்ணெய் போடு என்பது நம் சமையலறைகளில் பிறக்கும்போதே கற்றுக்கொள்கிற பாடம். பிரேக் வழுக்கக்கூடாது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? ஓர் அடியைத் தடுப்பதற்காக அவர் தேய்த்த எண்ணெய், ஒரு வேன் நிறையப் பேரைக் கவிழ்க்கப் பார்த்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அடி குணாவோடு போயிருக்கும். சொன்னால் எங்கே திரும்பும் என்று அவரைவிட யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் சொன்னார்.

திரும்பியது. தடியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் அறைந்தார் தங்கராஜு. லெட்சுமி அக்கா சுழன்று போய் வேனின் வாழைக்கன்றோடு விழுந்தார். குணாவைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டு, "வேணாண்ணே, பொம்பளண்ணே" என்று பின்வாங்கினார்கள். ஒருவரும் நடுவில் வரவில்லை. தங்கராஜு காலைத் தூக்கினார், உதைக்க.

தூக்கிய கால் தரைக்கு வருவதற்குள் தூக்குச்சட்டி வந்துவிட்டது. நான்கடுக்கும் நிறைய. அஞ்சலை அக்கா இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, வண்ணார் கல்லில் துணி அடிப்பது போலச் சுழற்றி இறக்கினார். தங்கராஜுவின் காதோரத்தில் விழுந்த அந்த அடியின் ஓசை எனக்கு இன்றைக்கும் இனிமையான ஓசைகளில் ஒன்று. மூடி பறந்தது. சோறு பறந்தது. தங்கராஜு உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். முகத்தில் வழிந்ததில் எது இரத்தம், எது சாம்பார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எந்திரிடா பாப்போம்" என்றார் அஞ்சலை அக்கா மூச்சு வாங்க. "இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்தார். நீலக் கோட்டுப் பெண்கள் எல்லாரும் எப்போது முன்னால் வந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. என் கையில் ஒரு ஸ்பானர் இருந்தது, எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியாது. அதைத் தூக்கக்கூட எனக்குப் பலமில்லை என்பது அவருக்குத் தெரியாது.

குணா சட்டையில் விரலைச் சுற்றிக்கொண்டு, எரிந்த கன்னத்தோடு தவழ்ந்து வந்து லெட்சுமி அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார். அழுதுகொண்டே சொன்னார்.

"யக்கா, அந்தத் துரு ஒண்ணுமே இல்லக்கா. தண்ணி பட்டா எல்லா டிஸ்க்லயும் வரும். வண்டிய எடுத்து மொதல் பிரேக் புடிச்சதும் தானா போயிருக்கும்கா."

லெட்சுமி அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "எனக்கு எப்டிப்பா தெரியும்? எங்க வீட்ல எதுவும் தானா போனதில்லயே."

அன்றைக்கே அஞ்சலை அக்கா அவரைக் கிளினிக்குக்கும், அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து செராஸில் இருந்த லெட்சுமி அக்காவின் தங்கை வீட்டுக்கும் அழைத்துப் போனார். லெட்சுமி அக்கா காப்பாருக்குத் திரும்பவில்லை. செராஸிலேயே ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தோசை சுடுவதாகக் கேள்விப்பட்டேன். தங்கராஜு வேனை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் லோரி ஓட்டப் போனார். எங்களுக்கு வேறொரு வேன் வந்தது. அதன் கதவை நாங்களே சாத்திக்கொண்டோம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும். முதல் ஒரு வாரம் காரணமில்லாமல் படார் படார் என்று சாத்திச் சிரித்தோம்.

குணாவின் சுண்டுவிரல் நேராகவில்லை. அவர் அந்தப் பழைய டிஸ்க்கைப் பட்டறைச் சாமி மூலையில் வைத்து, நடு ஓட்டைமேல் அகல்விளக்கை ஏற்றியிருந்தார். கேட்பவர்களிடம், "எண்ணெய் இதுக்குமேல எவ்ளோ வேணாலும் இருக்கலாம். சக்கரத்துக்குள்ள போட்டதுக்கு மட்டும் வேணாம்" என்பார். வாய் மட்டும் நசுங்கவில்லை.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். கம்பி சுற்றிய தொழிற்சாலையை இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள். நீலக் கோட்டுப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும் வேன்கள் இல்லை. வேறு தேசத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் போகின்றன. அவர்களுக்கு யார் கதவு திறக்கிறார்களோ. அஞ்சலை அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்குச்சட்டியின் அடியில் அன்றைக்கு விழுந்த அந்தச் சப்பை கடைசிவரை இருந்ததாக அவர் மகள் சொன்னாள். பழைய இரும்பு வாங்க வந்த லோரியில் போட்டுவிட்டாளாம். கேட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி என் காருக்கு இரண்டு பக்கமும் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார். அன்று இரவெல்லாம் மழை. காலையில் ரிம்முக்குள் குனிந்து பார்த்தால், மஞ்சளும் சிவப்புமாக மெல்லிய துரு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெண் இதைப் பார்த்துப் பயந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி உள்ளே ஓடியதை நினைத்தேன்.

காரை எடுத்து எங்கள் குடியிருப்பின் வாயில்வரை ஓட்டிப்போய் பிரேக்கை ஒருமுறை மிதித்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். காவலாளி, கார் கெட்டுவிட்டதா என்று கையை ஆட்டிக் கேட்டார். இல்லை என்று நானும் கையை ஆட்டினேன்.

டிஸ்க் பளபளவென்று இருந்தது. துரு போயே போய்விட்டது.